முன்னறை வலது

எங்கள் ஊரில் பத்து வயதைக் கடந்த எல்இடி பல்புகள், ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வந்து தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று பெற வேண்டும். குண்டு பல்பு இருந்த காலத்தில் இந்த வேலை கிடையாது. அவை ஆறேழு மாதத்தில் தாமாகவே போய்விடும். வீட்டில் யாராவது காதருகே வைத்துக் குலுக்குவார்கள், உள்ளே கம்பி கிலுகிலுக்கும், அதுவே சான்று. எல்இடி வந்த பிறகு யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று அலுவலகத்துக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் வீட்டுப் பல்புக்குப் பதின்மூன்று வயது. பதிவேட்டில் அதன் பெயர் முன்னறை வலது. முன்னறை இடது எட்டாம் வயதில் மின்னல் அடித்துப் போய்விட்டது. அன்றிலிருந்து இரண்டு பேர் வேலையையும் இதுவே பார்க்கிறது.

மிகவும் சிக்கனமான பல்பு. தேவைக்கு மேல் ஒரு நொடி எரியாது. அக்கா பூவேலைக்கு ஆரி ஊசியை எடுத்தால் எரியும், கீழே வைத்தால் அணையும். அவள் கொட்டாவி விடும்போது பாதி எரியும். எதிர்வீட்டு ராஜகனி அக்கா வந்து பேசினால் முதல் ஐந்து நிமிடம் எரியும். மீதியை அவர் இருட்டில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவார்.

இந்த ஆண்டு எங்களுக்கு ஒதுக்கிய நாள் திங்கட்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை சௌமியா என்ற பெண்ணுக்குக் கல்யாணம். அவளுடைய முகூர்த்த ப்ளவுஸ் அக்காவின் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. முதுகில் இரண்டு மயில்கள். ஒன்றுக்குத் தோகை முழுவதும் வந்துவிட்டது. மற்றொன்றுக்கு இன்னும் கண் கூட வைக்கவில்லை. புதன்கிழமை மாலைக்குள் தர வேண்டும். எங்கள் முன்னறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வைத்துத் தைத்தால் பட்டில் தூசி படியும். சான்று கிடைக்காவிட்டால் பல்பு காலமானதாக எழுதிவிடுவார்கள். காலமான பல்பின் வீட்டில் பதினாறு நாட்களுக்கு எந்த விளக்கும் ஏற்றக் கூடாது.

போன ஆண்டு வரை அக்காதான் போய்வந்தாள். இந்த முறை அவளால் வேலையை விட்டு எழ முடியாது. இருந்த ஒரே வெளிச்சத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதுவரை வாசலில் உட்கார்ந்து மணிகளைக் கோத்து வைப்பதாகச் சொன்னாள்.

"அங்க போய் வாயத் திறந்து பேசு," என்றாள். "அதுவும் பேசாது, நீயும் பேச மாட்ட. ஊமைக்கு ஊமையத் துணைக்கு அனுப்புற மாதிரி இருக்கு."

பல்பைப் பழைய பருத்தித் துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டேன். பேருந்தில் பாதிக்கு மேல் அலுவலகத்துக்குப் போகிறவர்கள்தான். என் முன்னால் ஓர் அம்மாள் டியூப் லைட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். உட்காரச் சொன்ன நடத்துநரிடம், "நான் உக்காந்துருவேன் தம்பி, இதுக்கு முட்டி மடங்காது," என்றார். நடத்துநர் சரி என்று அடுத்த இருக்கைக்குப் போனார்.

போன ஆண்டு வரை அலுவலகம் பழைய கட்டடத்தில், ஓர் இருட்டறையில் இருந்தது. அங்கே பல்புகள் படியேறும்போதே எரிந்துவிடும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இப்போது புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டார்கள். நான்கு பக்கமும் பெரிய ஜன்னல்கள். பதினொரு மணி வெயில் மேசை மேல் வந்து படுத்திருந்தது.

சான்று எழுத்தர் பெயர் எஸ்தர். எல்லோரும் மேடம் என்றார்கள். இடது கையால் காதைப் பிடித்துக்கொண்டே வலது கையால் எழுதினார். மேசையில் ஒரு ஹோல்டர் இருந்தது. பல்பை அதில் மாட்ட வேண்டும். மேடம் பெயரைச் சொல்லி அழைப்பார். மூன்று அழைப்புக்குள் எரிய வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்களின் பல்புகள் முதல் அழைப்பிலேயே எரிந்தன. அவை சாதாரணப் பல்புகள். கூப்பிட்டால் எரிகிறவை.

"முன்னறை வலது," என்றார் மேடம்.

எங்கள் பல்பு எரியவில்லை.

"முன்னறை வலது."

அறை முழுவதும் வெயில். அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. மேடம் பேனாவைச் சிவப்பு மைக்கு மாற்றினார்.

அப்போது அக்கா போனில் அழைத்தாள்.

"எரிஞ்சுச்சா?"

"ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு."

"நீ ஏதாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லுடி. சௌமியா கழுத்துல தாலி ஏறும்போது முதுகுல ஒத்த மயிலா நிக்கும்? அதுவும் கண்ணு தெரியாத மயிலா?"

அவள் கணக்கில் மயில் மாறியிருந்தது, கண் இல்லாதது மற்றது. நான் திருத்தவில்லை. போனை வைத்துவிட்டு, "மேடம், இது பகல்ல சும்மா எரியாதுங்க. தேவை இருந்தாத்தான் எரியும்," என்றேன். எனக்கே பாதிதான் கேட்டது.

"ஆபீஸ் நேரம் பத்துல இருந்து அஞ்சும்மா," என்றார் மேடம். "ராத்திரிய நான் எங்க போய் வாங்கிட்டு வர்றது?"

"ஜன்னலைச் சாத்தினா?"

"சாத்துற ஜன்னல் இல்ல. திறக்கிற ஜன்னல் மட்டுந்தான் சாங்ஷன் ஆச்சு."

வரிசையில் இருந்தவர்கள் நல்லவர்கள். என் பின்னால் நின்ற பெரியவர் மருந்து அட்டை ஒன்றை ஹோல்டரின் அடியில் நீட்டி, "எனக்குத் தேதி தெரிய மாட்டேங்குது, கொஞ்சம் காட்டு சாமி," என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. பல்பு எரியவில்லை. டியூப் லைட் அம்மாள் குடையை விரித்து மேலே பிடித்தார். குடை நிழல் தேவையாகாது. பல்பு எரியவில்லை.

"பெரிய இடத்துப் புள்ள போல," என்றார் பெரியவர், அட்டையை மடித்து வைத்தபடி.

"அப்ப மூணாவது கூப்பிட்டுரட்டா?" என்றார் மேடம். இன்னும் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் விரல்களுக்கு நடுவே ஒரு கல் தோடு தெரிந்தது. அதை விட்டால் விழுந்துவிடும் என்பது போல் பிடித்திருந்தார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

"மேடம், திருகு எங்க விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை நிறுத்தினார். "காலையில வந்து உக்காந்ததும். அந்த பீரோவுக்கு அடியில உருண்டு போயிருச்சு. அம்மா போட்ட தோடு. குனிஞ்சு பாத்தா ஒரே இருட்டு. தடவிப் பாத்தேன், சிலந்திதான் வருது."

பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றினேன். பீரோவின் முன்னால் மண்டியிட்டு, தரைக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த நான்கு விரல் இடைவெளியில் அதை நீட்டினேன். என் கையிலேயே எரிந்தது. வீட்டில் மயில் தோகைக்கு எரிகிற அதே அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேடம் வந்து பக்கத்தில் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தார். உள்ளே ஒரு சீப்பு, இரண்டு குண்டூசி, சுவரோரம் திருகு. அதற்குப் பக்கத்தில் போன மாதம் காலமானதாக எழுதப்பட்ட ஒரு ஜீரோ வாட் பல்பும் இருந்தது. அது மினுக்கிக்கொண்டிருந்தது.

மேடம் ஸ்கேலை விட்டு இரண்டையும் இழுத்தார். திருகை ஊதித் தோட்டில் பூட்டினார். பிறகு படுத்தபடியே, "முன்னறை வலது," என்று மூன்றாவது முறை அழைத்தார். அது எரிந்துகொண்டிருந்தது.

"ஆஜர்," என்று சொல்லிப் பதிவேட்டைத் தரைக்குக் கொண்டுவரச் சொன்னார். நீல மையில் எழுதி முத்திரை வைத்தார். ஜீரோ வாட் பல்பின் பெயரைக் காலமானோர் பக்கத்தில் அடித்துவிட்டு, அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் வீட்டார் பதினாறு நாள் இருட்டில் இருந்தவர்கள், நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்றார்.

வெளியே வந்தேன். அக்காவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் மணிகள் உருளும் சத்தம் கேட்டது.

"நீயா பேசுன?"

"ஆமா."

"சரி, சீக்கிரம் வா. கண்ணு வைக்கணும்."

திரும்பும் பேருந்தில் கூடையை மடியில் வைத்து, சான்றை மடிக்காமல் அதன் மேல் வைத்துக்கொண்டேன். அரைத்தூக்கத்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போனேன். நடந்து வருவது கஷ்டமாக இல்லை.

பல்பு அன்று மாலையும், செவ்வாயும் புதனும் எரிந்தது. இரண்டாவது மயிலுக்குக் கண் வந்தது, தோகை வந்தது. புதன்கிழமை நாலரை மணிக்கு அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். பல்பு அணைந்தது. நாங்கள் இருட்டில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து மணிக்குச் சௌமியாவின் அம்மா தனபாக்கியம் வந்தார். ப்ளவுஸை விரித்ததும் பல்பு எரிந்தது. அவர் இரண்டு மயில்களையும் விரலால் தடவிப் பார்த்தார். அழுவது போலிருந்தது, ஆனால் அழவில்லை. பிறகு பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். தைக்கிறவர்களுக்குப் பொதுவாகப் பத்திரிகை வருவதில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உறையில், 'முன்னறை வலது அவர்கள், குடும்பத்துடன்' என்று எழுதியிருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து, ஹோல்டருக்குக் கீழே நின்று நீட்டினார். அதன் சார்பில் நான் வாங்கிக்கொண்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் அவசியம் கூட வந்துருங்கம்மா," என்றார் எங்களிடம்.

வெள்ளிக்கிழமை குடும்பத்துடன் போனோம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நடுவில் அதற்கு இலை போட்டிருந்தது. அக்கா அதைத் துண்டிலிருந்து எடுத்து இலைக்கு முன்னால் வைத்து, தண்ணீர் தெளித்தாள். பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு வந்து அதன் முன்னால் நின்றார்.

"அதுக்குக் கொஞ்சமா வைங்கண்ணே," என்றாள் அக்கா. "ரசத்துக்கு மட்டும்."