கோட்டுப் பாட்டு கைமாறிய வரலாறு

மல்பெரிஸ் குழுவினர் அடுத்தவர் பாட்டு ஒன்றை எடுத்துப் பாடினால், அதை முதலில் பாடியவருக்கு அன்றோடு அது மறந்துபோகும். வரியும் மெட்டும் மட்டுமல்ல, பாட்டுக்குள் என்ன இருந்ததோ அதுவும் சேர்ந்து போய்விடும். டெட்ராய்ட்டில் எங்கள் தெருக்காரர்கள் இதைக் கார் ஆலையில் ஷிப்ட் மாறுவதைப் பேசுவதுபோலத்தான் பேசினார்கள். முதலில் போனது டென்னசிக்காரர் ஒருவரின் பண்ணைப் பாட்டு. அகலத் தொப்பி வைத்துக்கொண்டு, அப்பாவின் பண்ணையையும் ஒரு செம்பழுப்புக் குதிரையையும் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கியவர் அவர். மல்பெரிஸ் அதைப் பாடிய வாரம் தொலைக்காட்சியில் கிட்டாரை மீட்டி, வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றார். பிறகு தன் சொந்தப் பண்ணைக்கே போய்க் கதவைத் தட்டி, இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டதாகப் பத்திரிகையில் வந்தது. போலீஸ்காரனைச் சுமக்கும் குதிரையைத் தவிர வேறு குதிரையைப் பார்த்திராத, குழுவில் பாடும் பெட்வே சகோதரர்கள் இருவருக்கும் அதே வாரத்திலிருந்து குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்தது. டெட்ராய்ட்டில் இதை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழிப்பது என்று அவர்களுடைய அம்மா கேட்டார்.

அடுத்தது நியூயார்க் நாடகமேடைப் பெண்மணி ஒருவரின் நிலாப் பாட்டு. அது கைமாறிய பிறகு, அந்த அம்மாள் ஒரு விருந்தில் வானத்தைக் காட்டி, அந்த வெள்ளையாகத் தொங்குவது என்ன என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டாராம். பனி கொட்டும் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைப் பாடிய வருடம் முதல், குழுவின் மூத்தவர் ஹோசியா க்ரம்ப்பின் வீட்டு முற்றத்தில் மட்டும் ஆகஸ்ட் மாதத்திலும் உறைபனி கிடந்தது. தர்பூசணியையும் பீரையும் நாங்கள் அங்கேதான் குளிர வைத்தோம். ஹோசியா காலி பாட்டிலை மட்டும் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். இது திருட்டா இல்லையா என்ற விவாதம் முடிதிருத்தும் கடையில் சில காலம் ஓடியது. வெள்ளைக்காரப் பாடகர்கள் எத்தனை வருடமாக கறுப்பர்களான எங்கள் பாட்டுகளை எடுத்துப் பாடிப் பங்களா கட்டினார்கள்! அப்போது எங்களுக்கு ஒன்றுமே மறக்கவில்லை. மறந்து தொலைத்திருந்தால் வயிற்றெரிச்சலாவது மிச்சமாகியிருக்கும். விவாதம் அதோடு முடிந்தது.

மல்பெரிஸ் என்பது நான்கு பேர். தேவாலயத்துக்குப் பின்னால் பழம் உதிரும் மல்பெரி மரத்தடியில் பாடிப் பழகியதில் வெள்ளைச் சட்டையெல்லாம் ஊதாக் கறையாகி, பேரும் அதுவே ஆகிவிட்டது. முன்குரல் தாடியஸ் பாய்கின், நாங்கள் கூப்பிடுவது தாட். பெண்கள் பொறாமைப்படும் உச்சக்குரல் அவனுக்கு. நடுக்குரல்கள் பெட்வே சகோதரர்கள் வெண்டலும் ஆல்வினும், இருவரும் கல்யாணமாகாதவர்கள். அடிக்குரல் ஹோசியா. வயதில் மூத்தவர், வார்ப்பு ஆலையில் வேலை. பாட்டின் நடுவே வாத்தியங்கள் தாழ்ந்ததும் அவர் பேசுவார். எழுதி வைத்துப் பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொல்வது எப்படியோ அப்படித்தான், வாயில் வருவது வரும். எங்கள் சபையில் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்துவிட்டால் அவராக உட்காரும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. ஆவியானவரின் வாயைப் பொத்துகிற மாதிரி ஆகிவிடும் என்பது நம்பிக்கை. ஒருமுறை ஒரு சகோதரி சாட்சி சொல்லி முடிப்பதற்குள் சபைச் சமையலறையில் கோழி முழுதும் கருகிவிட்டது, ஆனாலும் யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை.

இவர்களை வைத்து இசைத்தட்டு போட்டவர் பர்விஸ் முதலாளி. ஊருக்குத் தெரிந்த பாட்டுதான் விற்கும் என்பது அவருடைய வேதம். எங்களுக்கென்று ஒரு புதுப் பாட்டு கொடுங்கள் என்று தாட் கேட்கும்போதெல்லாம் அடுத்த தடவை பார்க்கலாம் என்பார். அந்த அடுத்த தடவை பல வருடங்களாக வந்துகொண்டே இருந்தது. அப்படியிருக்க, ஒரு வசந்த காலத்தில் அவர் தாட்டைக் கூப்பிட்டு, இந்த முறை உன் அக்காவின் பாட்டைப் போடலாம், இதைப் போட்டால் அடுத்தது சத்தியமாக உங்கள் சொந்தப் பாட்டு என்றார்.

தாட்டின் அக்கா எர்னஸ்டீன். பகலில் சலூனில் இரும்புச் சீப்பைச் சுடவைத்துப் பெண்களின் சுருட்டை முடியை நேராக நீவிவிடுவார், வாரக்கடைசியில் மூலை மதுக்கடையில் பாடுவார். அவர் பாடிப் புகழ்பெற்றது ஒரே ஒரு பாட்டு. உன் கோட்டு இங்கேயே இருக்கிறது, வெளியே பனி கொட்டுகிறது, நான் கதவைச் சாத்தவில்லை என்று போகும். விட்டுப்போன காதலனைப் பற்றியது என்று ஊரே நினைத்தது. ஆண்கள் அதைக் கேட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். எங்கள் தெருவுக்குத்தான் விஷயம் தெரியும். எர்னஸ்டீனுக்கு ஒரு மகள் இருந்தாள், சிப்போரா. முன்பல் விழுந்த வயது. பிப்ரவரி மாதம் ஒரு காலையில் மூளைக்காய்ச்சல் கண்டு, கம்பளியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அவளுடைய சிவப்புக் கோட்டு ஆணியிலேயே தொங்கியது. திரும்பி வந்து அதைப் போட்டுக்கொள்ள அவள் இல்லை. அந்த வாரமே எர்னஸ்டீனுக்குப் பாட்டு வந்தது, கோட்டு ஆணியை விட்டு இறங்கவில்லை.

அக்காவின் பாட்டைத் தொட மாட்டேன் என்று தாட் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் மெச்சிக்கொண்டிருக்கும்போதே, எர்னஸ்டீன் கையில் சீப்போடு மல்பெரி மரத்தடிக்கு வந்து நின்று, அந்தப் பாட்டை நீங்கள் பாடித்தான் ஆக வேண்டும் என்றார்.

“அக்கா, பாட்டு போனா சிப்போராவும் போயிருவா,” என்றான் தாட். “அந்த நிலாக்கார அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுதான்டா பேசுறேன். எம் பாட்டுல அவ பேரு எங்கடா இருக்கு? அவ மூஞ்சி இருக்கா, சிரிப்பு இருக்கா? கோட்டு இருக்கு, பனி இருக்கு, கதவு இருக்கு. அந்தப் பாழாப்போன காலம்பற மட்டும்தான் அதுல இருக்கு. அது போய்த் தொலையட்டும். புள்ள எங்கிட்ட இருப்பா.”

எர்னஸ்டீன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குடிச்சுட்டு ஒருத்தன் கத்துறான், கோட்டுப் பாட்டு பாடுடீன்னு. பாடுறேன். பாடுற ஒவ்வொரு தடவையும் எம் புள்ளையத் திரும்ப மண்ணுக்குள்ள வைக்கிறேன். இன்னும் எத்தன தடவடா வைக்கணும்?”

தாட் சரி என்றான். அன்றிலிருந்து தெரு முழுவதும் ஒரே கணக்குத்தான் போட்டது: பாட்டில் இருப்பது போகும், இல்லாதது நிற்கும், பேர் பாட்டில் இல்லை, ஆகவே பிள்ளை நிற்பாள். போதகரின் மனைவி அந்தப் பாட்டை வரி வரியாகச் சொல்லிப் பார்த்து, பிள்ளையின் சாடைகூட எங்கும் இல்லை என்று உறுதி சொன்னார். நடுவில் வரும் பேச்சை இந்த ஒரு பாட்டுக்கு விட்டுவிடலாமா என்று தாட் கேட்டுப் பார்த்தான். ஹோசியா பேசாவிட்டால் அது மல்பெரிஸ் தட்டே இல்லை, எவனும் வாங்க மாட்டான் என்றார் பர்விஸ். கோட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள் அண்ணே, பேர் மட்டும் வாயில் வரக் கூடாது என்று தாட் கெஞ்சினான். எனக்குத் தெரியாதாடா என்றார் ஹோசியா. அவர் அதை மனதாரத்தான் சொன்னார், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஒலிப்பதிவு நடந்தது பர்விஸ் வீட்டுக் கீழ்த்தளத்தில். எர்னஸ்டீன் வரவில்லை, சலூனில் வேலை இருந்தது. பேச்சு திசைமாறினால் தாட் கையைத் தூக்குவான், உடனே ஒலிநாடாவை நிறுத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு. தாட் முதல் பாதியைப் பாடினான். பெட்வே சகோதரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். வாத்தியங்கள் தாழ்ந்தன. ஹோசியா கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் நிறத்தைச் சொன்னார், பொத்தானைச் சொன்னார், ஆணியைச் சொன்னார். அந்தப் பிப்ரவரிக் காலையில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனது அவருடைய கார்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் அதற்குமேல் சொன்னது அதுவரை யாருக்கும் தெரியாது.

“கோட்ட எடுத்துக்கிறேன்னு அவ அம்மா திரும்பி ஓடுனா. அதெல்லாம் வேணாம், சாயங்காலம் வந்துரப் போறோம்னு சொன்னது நாந்தான். நாந்தான் சொன்னேன். சிப்போரா, கண்ணு, குளிருதாம்மா?”

தாட்டின் கை பாதி தூரம் எழுந்தது. சாட்சி சொல்கிறவரை நிறுத்தாத சபையில் தொட்டிலிலிருந்து வளர்ந்த கை அது. அங்கேயே நின்று, கீழே இறங்கிவிட்டது. ஹோசியா அவளுடைய விழுந்த பல்லைச் சொன்னார், காரில் அவள் கேட்ட கேள்வியைச் சொன்னார், தானாக நிறுத்தும்வரை சொன்னார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பர்விஸ் மூக்கைச் சிந்திக்கொண்டே, இதுதான், இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை என்றார். நாடாவை எரித்துவிடுங்கள் என்று தாட் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டான். எரித்தாலும் பிரயோசனமில்லை. பாட்டு கைமாறுவது பாடும்போதுதான், விற்கும்போது அல்ல.

அதே நேரத்தில் சலூனில் எர்னஸ்டீன் ஒருத்தியின் பின்மண்டையில் சீப்பை வைத்தவர், நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கேட்டார். மீன் விலையைப் பற்றி என்று அவள் சொன்னாள். ஆமாம் மீன் என்று தொடர்ந்தார். அன்று மாலை ஆணியிலிருந்த சிவப்புக் கோட்டை எடுத்துத் தூசி தட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொண்டுபோனார். “யாரோ மறந்து விட்டுட்டுப் போயிருக்காங்க. உம் பொண்ணுக்கு அளவாத்தான் இருக்கும், போட்டுவிடு,” என்றார். வாங்கிக்கொண்டவள் உள்ளே போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கோட்டை அவள் மகளுக்குப் போட்டுவிடவில்லை.

தட்டு வெளிவந்து நாடெங்கும் ஒலித்தது. அந்த வருடம் பிறந்த பெண்பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சிப்போரா என்று பேர் வைத்தார்கள். நால்வரும் வாடிப்போனார்கள். தெருவைக் கடக்கும்போது தாட் தன்னையறியாமல் இடது கையைக் கீழே நீட்டினான், ஒரு சின்னக் கை வந்து பிடித்துக்கொள்ளக் காத்திருந்தான். அவளுக்குப் பட்டாணி பிடிக்காது என்று வெண்டல் சாப்பாட்டில் பாதியில் எழுந்தான். ஆல்வின் பொம்மைக்கடை இருக்கும் தெருவையே விட்டுவிட்டான். ஹோசியா ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பார், வாய் திறக்காமல் உட்கார்ந்துவிடுவார். பர்விஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றி ஒரு புதுப் பாட்டை நீட்டினார். எங்களுக்குச் சொந்தமாக ஒன்று வந்துவிட்டது முதலாளி, இனி வேண்டாம் என்று தாட் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு மல்பெரிஸ் யார் பாட்டையும் எடுக்கவில்லை. எர்னஸ்டீனோ நன்றாகத் தூங்கினார், சதை போட்டார். மதுக்கடையில் கேலிப் பாட்டுகளைப் பாடினார். பஸ் ஓட்டுநர் ஒருவரோடு பழக்கமாகி, அவரையே கட்டிக்கொண்டார்.

இந்தப் பாவத்தைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது, எப்படியும் சொல்லிவிடுவது என்று ஒருநாள் தாட் சிப்போராவின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். எர்னஸ்டீன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அழகா இருக்கா. நம்ம வீட்டுச் சாடகூட இருக்கு. யாரு புள்ளடா?”

தாட் அவர் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு வருடங்களில் அந்த முகம் இவ்வளவு நிம்மதியாக இருந்து அவன் பார்த்ததில்லை. சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டான்.

“எங்க புள்ளக்கா,” என்றான். “எங்க நாலு பேருக்கும் பொறந்தது. செத்துப்போச்சு.”

அதெப்படி நாலு ஆம்பளைக்கு ஒரு பிள்ளை என்று எர்னஸ்டீன் கேட்கவில்லை. இதைவிடப் பெரியதையெல்லாம் நம்பிய தெரு எங்கள் தெரு. தம்பியின் தலையை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டார். அவன் அழுது முடித்ததும் அடுப்பைப் பற்றவைத்தார். துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். பொரித்த கோழி, பன்றித் தொடை, மக்ரோனி, வெண்ணெய்க் கேக் என்று நான்கு வீட்டுக்கும் செய்து, பாத்திரம் திரும்பி வருவதற்காக அடியில் தன் பேரை ஒட்டி, தானே கொண்டுபோய் வைத்தார். ஹோசியா பாத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

அதன்பின் ஒவ்வொரு பிப்ரவரியும் நால்வரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது எர்னஸ்டீனும் கூடப் போனார். பனியில் ஹோசியா வழுக்கிவிடாமல் கையைப் பிடித்துக்கொள்வார். கல்லின்மேல் படிந்த பனியைக் கையுறையால் துடைத்துவிட்டு, நால்வரும் அழுது முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளி நிற்பார், அடுத்தவர் துக்கத்தில் மூக்கை நுழைக்கக் கூடாதல்லவா. குளிரில் எதற்கு அலைகிறாய், வயதாகிவிட்டதே என்று தெருவில் கேட்பவர்களிடம், “பெத்த புள்ளையப் பறிகொடுத்தவங்க, அவங்கள எப்படித் தனியா விடுறது?” என்பார். நாங்களும், ஆமாம், விடக் கூடாதுதான் என்போம்.