மெதுவா போயிட்டு வா

சாலையில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆள் உயர வெள்ளை எழுத்துகள், பளிச்சென்று, ஒரு பிழையும் இல்லாமல். ஆனால் அவள் எழுதச் சொல்ல நினைத்தது "வேகத்தைக் குறைக்கவும்". தரையில் கிடந்ததோ "மெதுவா போயிட்டு வா".

அரசாங்கச் சாலையில் எவனாவது இப்படி எழுதுவானா? சுரண்டி எடுக்கவும் வழியில்லை. சோதனையைப் பார்க்க நெடுஞ்சாலைத் துறை இயக்குநர் அங்கே கிளம்பிவிட்டார்.

கொலைகார வளைவு என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பலகை நட்டார்கள், விளக்குப் போட்டார்கள், அபராதமும் போட்டுப் பார்த்தார்கள். ஓட்டுநர்கள் எதையும் சட்டை செய்யவில்லை, சாவும் நிற்கவில்லை. தரையில் பெரிதாக எழுதிப் பார்க்கலாம் என்று மேலிடத்தில் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள் இவள்தான். இன்றைய சோதனையில் வண்டிகள் நாற்பதுக்குக் கீழே இறங்காவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. அதைவிடப் பெரிய கவலை வீட்டுக்குள்ளேயே இருந்தது. தம்பி மினி பஸ் ஓட்டுகிறான். பயணிகள் அவனுக்கு வைத்த பெயர் ராக்கெட். தினமும் இந்த வளைவில்தான் பறக்கிறான், அதில் பெருமை வேறு.

பெயின்டருக்கு ஃபோன் போட்டு வறுத்தெடுத்தாள். அந்த மனுஷன் அசரவே இல்லை.

"நீங்கதான மேடம் சொன்னீங்க? என்ன எழுதணும்னு கேட்டேன், மெதுவா போயிட்டு வான்னீங்க. மறுபடி கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. சரி, கவர்மென்ட் இப்பத்தான் மனுஷங்க மாதிரி பேசுதுன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று அந்த ஃபோன் வந்த நேரம், தம்பி சாப்பிட்ட கை காய்வதற்குள் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலைத் தாண்டினான். ஃபோனைக் காதில் வைத்தபடியே அவனிடம் சொன்னது அது. தினமும் சொல்கிறாள், அவன் காதில் விழுவதே இல்லை. நேற்று பெயின்டர் காதில் விழுந்து தொலைத்திருக்கிறது.

இயக்குநர் வந்தார், படித்தார், இது சாலையா வீட்டு வாசலா என்று கேட்டார். நாளைக்கே அழித்துவிடுவதாக அவள் மென்று விழுங்கினாள். வந்ததற்கு அளந்தாவது பார்ப்போம் என்றார் அவர், வேண்டாவெறுப்பாக.

முதலில் வந்தது ஒரு லாரி. பிரேக் விளக்கு எரிந்தது. அவள் கையிலிருந்த வேகமானியில் முப்பத்தாறு. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தட்டினாள். அடுத்த கார் முப்பத்தொன்று. பைக்கில் வந்த ஒருவர் வாய்விட்டுப் படித்துச் சிரித்துக்கொண்டே ஊர்ந்து போனார். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொரு எண்ணையும் ஏலம் போடுகிறவள் போலக் கத்தினாள். இயக்குநரும் குடையை மறந்து, வெயிலில் அவள் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்து, அடுத்தது எவ்வளவு என்று நச்சரித்தார்.

தூரத்தில் ஒரு ஹாரன் கேட்டது. அந்த ஹாரனைத் தூக்கத்தில்கூட அவளுக்குத் தெரியும். ஊரே அடங்கி இவன் அடங்காவிட்டால் என்ன செய்வது?

அறுபத்தெட்டு. அறுபத்தைந்து. இறங்குகிற வழியாகத் தெரியவில்லை.

திடீரென்று டயர்கள் கிறீச்சிட்டன. ஐம்பது. நாற்பது. இருபத்தெட்டு. நடத்துநர் என்ன கோளாறோ என்று தலையை நீட்டினார். பஸ் எழுத்துகளின் மேல் மெல்ல உருண்டது. ராக்கெட் தரையைப் பார்த்தான், ஓரத்தில் நின்ற அக்காவைப் பார்த்தான். யார் வாய் வார்த்தை என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை, கண் நிறைந்துவிட்டது. இயக்குநரே இருபத்தெட்டு என்று கூவினார். இதை அழித்தால் வேலை போய்விடும் என்று அவளை மிரட்டவும் செய்தார்.

அவள் காதில் அது ஏறவில்லை. இத்தனை வருஷமாகப் பதில் சொல்லாமலே வாசலைத் தாண்டியவன், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"வரேன்க்கா," என்றான்.