மீனைப் புரட்டிய சாஹா

அக்கா, அப்பா பக்கத்தில் இல்லாத நேரத்தில் இதைப் படி. பரிதோஷ் சாஹா இங்கே சீனாவில் வென்ஜோவுக்கு வந்திருந்தார். ஊரில் பெண்டிங்க் தெருவில் நம் சீனச் செருப்புக் கடைக்கு அடுத்த கடைக்காரர், அதே சாஹா.

நம் கடை பறிபோனபோது நீ ஷில்லாங்கில் இருந்தாய். நான் அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தேன். "லைசென்ஸ் காகிதம்தான் லியாவ் அண்ணா, கையெழுத்துப் போடுங்க" என்று சாஹா நீட்டினார். அப்பாவுக்கு வங்காளம் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. நம்பிப் போட்டார். கடையைக் காலி செய்யச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த மாதம் நம் கடையும் அவர் கடையும் ஒரே கடை ஆகிவிட்டன.

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் சரக்கைக் கிழக்கு இந்தியா முழுக்க விற்கும் உரிமை அவருக்கு வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் கூசவே இல்லை.

"அட, லியாவ் அண்ணன் பொண்ணு. நம்ம ஊர்ப் பிள்ளை, எனக்குச் சாதகமாப் பேசும்மா."

"நீங்க சொல்றதை அப்படியே சொல்வேன் சார்."

"அப்பா இப்பவாவது படிக்கக் கத்துக்கிட்டாரா?"

சிரித்தார். வேலை போனால் விசாவும் போகும். அதனால் இரண்டு நாளும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். எல்லாம் பேசி முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்து.

எங்கள் முதலாளி பெயர் ஷாவ். தீவுக்காரர், மீன்பிடிக் குடும்பம். தம்பிகள் இரண்டு பேர் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். அவர் மேஜையில் மீனைப் புரட்டவே கூடாது. மீன் புரண்டால் படகும் புரளும் என்பார்கள். மேல்பக்கத்தைச் சாப்பிட்டு, முள்ளை எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தைச் சாப்பிட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்வது என் வேலை. போன மாதம் ஆக்ராக்காரர்களுக்குக்கூடச் சொன்னேன்.

படியேறும்போது சாஹாவே கேட்டார். "உள்ளே ஏதாவது பாத்து நடந்துக்கணுமா?"

"நல்லா சாப்பிடுங்க சார். அதுதான் முதலாளிக்குப் பிடிக்கும்."

முழு மீன் வந்தது. சாஹா வங்காளி இல்லையா, கன்னத்துச் சதையில் ஆரம்பித்து ரசித்துத் தின்றார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "இந்தியாவுல இருந்து வந்தவங்கள்ல மீன் திங்கத் தெரிஞ்ச ஆளு இவருதான்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். மேல்பக்கம் தீர்ந்ததும் சாஹா இரண்டு கரண்டியை எடுத்து, தன் வீட்டில் செய்வதுபோல மீனைப் புரட்டிப் போட்டார்.

முதலாளியின் மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தம்பிகள் அன்று கடலில் இருந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் சாஹா. சொன்னேன். முகம் வெளுத்தது. "தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லும்மா."

"தெரியாமப் பண்ணிட்டாராம்" என்றேன்.

"உனக்குத் தெரியுமே" என்றார் முதலாளி.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியும் முதலாளி. வேணும்னேதான் சொல்லலை" என்றேன். அப்பா போட்ட கையெழுத்தையும் சொன்னேன்.

முதலாளி மீன் தட்டைத் தள்ளி வைத்தார். "உன் அப்பனை ஏமாத்தினவன் என்னை விட்டு வைப்பானா? ஒப்பந்தம் இல்லை. இவரை ஸ்டேஷன்ல விட்டுட்டு வா. நீயும் நாளையில இருந்து கீழே ஷூவுக்குப் பசை தடவப் போ. என் தம்பிங்க உயிரை வச்சுப் பழி தீர்த்தவ இனி என் பக்கத்துல உக்கார வேண்டாம்."

காரில் சாஹா கெஞ்சினார். "முதலாளி என்னதான் சொன்னாரு? நாளைக்குப் பேசலாம்னாரா?"

நான் சொன்னது, முதலாளி சொன்னது, எல்லாவற்றையும் வங்காளத்தில் அப்படியே சொன்னேன்.

"அது பழைய கதைம்மா."

"எனக்குப் பழசாகலை சார்."



தம்பிகளின் படகுகள் மறுநாள் மதியம் கரைக்கு வந்தன. அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா. ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். பசை வாடையில் தலை வலிக்கிறது. விசா இருக்கிறது, பயப்படாதே. சாஹாவை நினைத்து மட்டும் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. ஊருக்குத் திரும்பித் திங்கட்கிழமை அவர் கடை திறப்பார். எதிர்ப்பக்கத்தில் நின்று அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்.