ஜன்னியின் மூன்று பட்டியல்கள்

…தண்ணீரும் இல்லையென்றால் அப்புறம் எது, கிணற்றுத் தண்ணீர் குடித்தவளும் போனாள், குழாய்த் தண்ணீர் குடித்தவளும் போனாள், ஆகவே அதை அடித்துவிடலாம் என்று எல்சி மனசுக்குள் ஒரு கோடு கிழித்தாள். ராயபுரத்தில் பதினோரு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள் அவள். ஐப்பசியிலிருந்து இந்தத் தை மாசத்துக்குள், அவள் பிரசவம் பார்த்த நாலு பெண்கள் பிரசவ ஜுரத்தில் ஜன்னி கண்டு செத்துவிட்டார்கள். முன்னால் ரஷீது ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தான், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், மனைவி ஷரீஃபுன்னிசாவுக்குக் காலையிலிருந்து வலி. "வெரசா வாங்கம்மா, வேற யாரும் வாணாம், நர்சம்மாதான் வரணும்னு அழுதுகினு கீறா," என்றான். ரயில் கேட் மூடியிருந்தது. நிலக்கரி வண்டி ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்தது, உச்சி வெயிலில் கரித்தூள் பறந்து அவளுடைய வெள்ளைச் சேலையில் படிந்தது… நின்றால் யோசனை முடிவுக்கு வந்துவிடும், அது வேண்டாம் என்றுதானே வேகமாக நடந்து வந்தாள்?

எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்தது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய அட்டை போன புத்தகம், முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் மந்திரியாக இருந்த ஒரு பிரபுவைப் பற்றியது. ஒன்றின் காரணம் தெரிய வேண்டுமானால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்றாராம் அவர்; அது இருக்கிற இடங்களை ஒரு பட்டியலாக எழுது, இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதை இன்னொன்றில், கூடியும் குறைந்தும் இருப்பதை மூன்றாவதில், பொருந்தாததையெல்லாம் அடித்துக்கொண்டே போ, மிஞ்சுவதுதான் காரணம். மனசு தனக்குப் பிடித்ததைத்தான் முதலில் நம்பும், அதை நம்பாதே என்றும் சொன்னாராம். கோழி வயிற்றில் பனியை அடைத்தால் கெடாமல் இருக்குமா என்று பார்க்கப் போய், குளிர் தாக்கிச் செத்துப்போனாராம் மனுஷர்… அதைப் படித்தபோது சிரித்தாள், இப்போது ஏன் சிரிப்பு வரவில்லை?

பிடித்ததைத்தான் நம்பும்… பூவம்மாவை அப்படித்தானே துரத்தினாள்? ஆறு வருஷம் கூடவே வந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தவள். ரெண்டாவது சாவு நடந்த அன்றைக்கு, பட்டியலும் இல்லை ஒன்றும் இல்லை, "உன் நகத்துலதான்டி அழுக்கு, இனிமே வராதே," என்று தெருவில் நிற்கவைத்துக் கத்தினாள். "நானா யக்கா? நீ சொன்னாப்பலதானே கை கழுவிகினு வந்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள் பூவம்மா. அவள் போன பிறகும் ரெண்டு பேர் செத்தார்களே, மீன்காரி சிலுவையம்மாள் மூன்றே நாளில்… ஆகவே பூவம்மாவையும் அடித்துவிடலாம். கை கழுவும் லைசால் மருந்து, கத்தரி, துணி, எல்லாவற்றையும் அடித்தாயிற்று. இரண்டாவது பட்டியலில் ராஜாத்தி இருக்கிறாள், அதே கத்தரி, அதே கை, ஆனால் அவளுக்கு ஜுரமே இல்லை, ஏன்? அவள் வீட்டுக்குப் பின்னால் கருவாட்டுக் கிடங்கு, நாற்றம் தாங்காமல் எல்சி அன்று முழுக்க மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பட்டியல்… விடியலிலிருந்து பொழுது சாயும்வரை எல்சி பக்கத்திலேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள், சிலுவையம்மாள் சீக்கிரம் போனாள்; எல்சி கடைசி நிமிஷத்தில் போய்ச் சேர்ந்த வீடுகளில் லேசான ஜுரத்தோடு சரி. ஐப்பசி மழையில் கட்டிய அவளுடைய தொண்டை இன்னும் கரகரக்கிறதே, கூடவே இருக்கிற இருமல்… அடிப்பதற்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை.

கடைசிப் பெட்டி போய்விட்டது, கேட் திறந்தது. ரஷீது தண்டவாளத்தைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். எல்சி நகரவில்லை. "இன்னாம்மா நிக்கிறீங்க, அவ துடிச்சிகினு கீறா." பையை அவனிடம் நீட்டினாள். "நீ இப்படியே பனைமரத்தொட்டிக்கு ஓடு, பூவம்மான்னு கேளு, நான் கூப்பிட்டேன்னு சொல்லு, காலில விழுந்தேன்னு சொல்லு. அவதான் பிரசவம் பாக்கணும். நான் சன்னலாண்ட நின்னு சொல்றேன்." "அய்ய, நீங்க ஏன் உள்ள வரமாட்டீங்க?" "எனக்கு உடம்பு சரியில்ல நைனா." அதற்கு மேல் எப்படிச் சொல்வது? அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பூவம்மா ரஷீது வீட்டுக்கு வந்தாள், எல்சி முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனாள். எல்சி சந்தில் நின்று, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, சன்னலுக்குச் சொன்னாள், தலை தெரியுதா, இழுக்காதே, கையைத் திரும்பக் கழுவு… உள்ளேயிருந்து "செரி" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. வெயில் தாழும்போது குழந்தை அழுதது. ரஷீது ஓடி வந்து, "பொம்பளப் புள்ளம்மா! ரெண்டும் நல்லா கீது!" என்றான். நல்லாத்தான் இருக்கும், ஜன்னி மூன்றாம் நாள்தான் தெரியும், மூன்று நாள் காத்திருக்க வேண்டும்… ஷரீஃபுன்னிசாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள், பாதியில் நின்றது. அவள் பிழைத்தால் அந்த நாலு பேரையும் கொன்றது யார்? ஜுரம் வந்துவிட்டால்… வந்துவிட்டால் காரணம் தான் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? உதடு துணிக்குள் அசைந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கர்த்தரிடம் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எல்சிக்கே தெரியவில்லை.