தங்கைக்குப் பின்னால் நின்றவள்

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுப் போடப் போன ஒரு அக்கா தங்கை கதையைச் சொல்கிறேன்.

அந்தத் தெருவில் போன தேர்தலில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. சாலை பள்ளமாகிக் கிடக்கிறது என்று முறையிடப் போனால், "உங்க தெருவுல ஆள் இருக்காங்களா என்ன?" என்று அதிகாரி சிரித்தார். அது உறைத்தது. கடைக்காரர் சங்கம், வண்டிக்காரர் சங்கம், குடியிருப்போர் சங்கம் மூன்றும் ஒன்று சேர்ந்தன. வீடு வீடாகப் போய்ப் பேசுவது; யாருக்குப் போடு என்று மூச்சு விடக்கூடாது, போடு என்று மட்டும் சொல்வது என்று முடிவானது.

கூட்டம் சலூனில் நடந்தது. சலூன்காரர்தான் அந்த வினோதமான விதியைப் போட்டார்.

"போன தடவை அவங்கவங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனோம். டீ குடுத்தாங்க, கண்டிப்பா வர்றோம்னாங்க, இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கிட்டாங்க. இந்தத் தடவை பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குப் போங்க. நம்மள பிடிக்காதவங்க முகத்துக்காகத் தலையாட்ட மாட்டாங்க, வர்றேன்னு சொன்னா வந்துடுவாங்க."

"அப்போ உமக்குத் தெரு முழுக்க வேலை இருக்குமே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள், தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கும் தையலக்காவைத் தவிர. அவளுக்குப் பேச்சில்லாத வீடு ஒன்றே ஒன்றுதான்: எதிர்மாடியில் இருக்கும் கூடப்பிறந்த தங்கை வீடு. தங்கை ஆஸ்பத்திரி நர்ஸ். மகள் கல்யாணத் துணியை எதிரிலேயே இருக்கும் அக்காவிடம் கொடுக்காமல் கடைத்தெருவில் தைக்கக் கொடுத்தாள். அன்றோடு முகம் பார்ப்பது நின்றது. வழியில் எதிர்ப்பட்டால் அணைந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு இருவரும் நகர்ந்துவிடுவார்கள். எப்படிப் போய்ப் பேசுவது என்று ஏங்கிக் கிடந்த தையலக்காவுக்கு இந்த விதி நல்ல சாக்கு.

மறுநாள் கதவைத் தட்டினாள்.

"சங்கத்துல அனுப்பினாங்க" என்றாள், தங்கை கேட்பதற்கு முன்பே.

"சங்கம் சொன்னாத்தான் உனக்கு வழி தெரியுமா?"

"ஓட்டுப் போட வருவியாடி?"

தங்கை கதவைப் பிடித்தபடியே நின்றாள். "ஏன் வெளியில தைக்கக் குடுத்தேன்னு ஒரு நாளாவது கேட்டியா? என் துணி எப்பவும் உன் மூட்டையில அடியிலதான் கிடக்கும். ஊராருக்கெல்லாம் தச்சு முடிச்சுட்டு, தங்கச்சிதானே, காத்திருப்பான்னு விட்டுடுவ. கல்யாணம் காத்திருக்குமா?"

அது நிஜம். சொந்தக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள் என்றுதான் தையலக்கா அவர்கள் துணியை அடியில் போடுவாள்.

"வர்றேன். ஆனா நான் போட்டப்புறம்தான் நீ போடணும்."

"சரிடி."

தேர்தலன்று காலையிலேயே தையலக்கா வாக்குச்சாவடி வாசலுக்கு வந்துவிட்டாள். வருகிறவர்களையெல்லாம் தனக்கு முன்னால் விட்டாள். மதியம் போயிற்று, வெயிலும் இறங்கியது. தங்கை வரவில்லை.

"நீங்க போட்டுட்டு வந்து நில்லுங்கக்கா. ஊரைக் கூப்பிட்டுட்டு நம்ம ஓட்டே போயிடுச்சுன்னா, தெரு சிரிக்கும்" என்றார் சலூன்காரர்.

"அவ முதல்ல."

காவலர் வாசல் கதவை மூடக் கை வைத்த நேரத்தில் நர்ஸ் உடுப்போடு தங்கை விறுவிறுவென்று வந்தாள். ஆஸ்பத்திரியில் மாற்று ஆள் வரத் தாமதமாம். அக்காவின் விரலை முதலில் பார்த்தாள். மையில்லை.

"இன்னும் போடலியா?"

"நீதானே சொன்ன."

தங்கை வரிசையில் நின்றாள். தையலக்கா அவளுக்குப் பின்னால், கடைசி ஆளாக நின்றாள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே எதிலும் ஒத்துப்போகாதவர்கள். ஒருத்தி ஓட்டை இன்னொருத்தி ஓட்டு தின்றிருந்தாலும் ஆச்சரியமில்லை.

வெளியே வந்ததும் தங்கை தன் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க தையல் பிரிஞ்சிருக்கு. தச்சு எப்போ கிடைக்கும்?"

தையலக்கா பையிலிருந்து ஊசியை எடுத்தாள். "திரும்பி நில்லு."

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டில் யாருடைய துணியும் அடியில் கிடக்காமல், யாருடைய முறையும் தவறாமல், தட்டுகிற கைக்குக் கதவு திறந்து, பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து வாழுங்கள்.