இடது மூலையில் ஒரு புள்ளி

என் வாத்துப் படத்தைத் திருடிப் பரிசு வாங்கியது யாரோ ஊரான் இல்லை, சொந்த அக்காள் புருஷன். பத்து மாதமாக அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

நான் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள். லீவு நாளில் ஏரிக்குப் போய்விடுவேன். காட்டு வாத்து விர்ரென்று கிளம்பினால், கண்ணைச் சிமிட்டுவதற்குள் தலைக்கு மேல் போய்விடும். மூன்று குளிர்காலம் சேற்றில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் மங்கல் படங்களை அழித்து, கடைசியில் ஒன்று சிக்கியது. ஐந்து வாத்துகள் நேராக முகத்துக்கு வருகின்றன. ஒவ்வொன்றின் கண்ணும் பளிச். அதை அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்ததுதான் நான் செய்த மடத்தனம்.

அத்தான் அதைத் தன் பெயரில் புகைப்படச் சங்கத்தின் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு! நான் கத்தியபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"போனாப் போகுது விடுடி. வெளிய தெரிஞ்சா எங்க மானம் போயிரும்."

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கேமராவைச் சுத்தம் செய்யவில்லை.

கேமராவுக்குள் ஒரு தூசி ஒட்டியிருந்தது. எடுக்கும் எல்லாப் படத்திலும் இடது மேல் மூலையில், ஒரே இடத்தில், கருப்புப் புள்ளி விழும். பரிசுப் படத்திலும் இருந்தது. மேடையில் அத்தான் அதைத் தொட்டுக் காட்டி, "கூட்டத்த விட்டுப் பிரிஞ்ச ஒத்தப் பறவைங்க அது. அதுக்காகவே ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன்" என்று அளந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அடப்பாவி மனுஷா, அது தூசி!

போன வாரம் சங்கத் தலைவி அவரையே பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேரை ஏரிக்குக் கூட்டிப்போய், பறக்கும் வாத்தை எடுப்பது எப்படி என்று காட்ட வேண்டும். மறுநாளே அத்தான் ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தார்.

"மச்சினிச்சி, நீதான் காப்பாத்தணும். எந்தக் கரையில உக்காரணும்?"

வாத்து காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும். காற்று நம் முதுகில் அடித்தால் நம்மை நோக்கி வரும். முகத்தில் அடித்தால் பின்பக்கத்தைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஏரியில் உட்கார்ந்தவனுக்குக்கூட இது தெரியும்.

"காத்து மூஞ்சில ஜில்லுனு அடிக்கிற கரை, அத்தான்."

"தங்கம்டி நீ!"

பாடத்தன்று காலை அவர்கள் அந்தக் கரையில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நான் எதிர்க்கரை நாணலுக்குள் இருந்தேன். வாத்துகள் எழும்பின. எல்லாம் என் பக்கம்தான் வந்தன.

மதியம் சங்கக் கூடத்தில் திரையில் படம் போட்டார்கள்; நானும் போயிருந்தேன். பன்னிரண்டு பேர் படத்திலும் வால்தான். "என்ன சார், அத்தன வாத்தும் நம்ம மேல கோவிச்சுக்கிட்டுப் போகுது?" என்றார் ஒருவர். கணவரின் பெருமையைப் பார்க்க வந்திருந்த அக்காவும் சிரித்தாள். "இன்னைக்குக் காத்து சரியில்ல" என்று அத்தான் வழிந்தார்.

"அம்மா, நானும் ஒண்ணு எடுத்தேன்" என்று தலைவியிடம் பென்டிரைவைக் கொடுத்தேன்.

திரையில் ஏழு வாத்துகள், நேருக்கு நேர். தூரத்துக் கரையில் அத்தானும் மாணவர்களும். இடது மூலையில் புள்ளி.

தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பரிசுப் படத்தைப் பக்கத்தில் போட்டார். இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"பத்து மாசமா அந்த ஒத்தப் பறவை அங்கயேதான் பறக்குதா சார்?"

நான் கேமராவைத் தூக்கி, கூடத்தின் வெள்ளைச் சுவரை எடுத்துத் திரையில் போடச் சொன்னேன். அங்கேயும் அதே பறவை, அதே மூலை. கூடம் கொல்லென்று சிரித்தது. தலைவி எழுந்துபோய், மாட்டியிருந்த பரிசுப் படத்தின் கீழ் ஒட்டியிருந்த பெயரைக் கிழித்தார்.

வாசலில் அக்கா என்னை மறித்தாள்.

"இப்பத் திருப்தியாடி உனக்கு?"

"பத்து மாசம் வாய மூடுனது உனக்காகக்கா. இது எனக்காக."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். எனக்கு ஆனந்தமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் கேமராவைத் திறந்து, அந்தத் தூசியை ஊதித் தள்ளினேன்.