ஞானப்பூவின் ஒத்திகை

தென்னூரில் இருந்த சின்ன லுத்தரன் கோயிலின் பாடகர் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சபையில் யாரையாவது டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று தெரிந்தால், அன்று சாயங்காலமே அடக்கப் பாட்டுக்கு ஒத்திகை. ஆள் உயிரோடு இருக்கும்போதே இது என்ன கூத்து என்று சிலர் முகம் சுளிப்பார்கள். குழுத் தலைவர் வேதமாணிக்கம் மசிய மாட்டார். "கல்லறையில நின்னுக்கிட்டு சுருதி தேட முடியுமா?" என்பார்.

1958 ஆகஸ்டில் அவர் மனைவி ஞானப்பூவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஈரலில் கட்டி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள்தான் குழுவின் ஒரே ஆல்டோ, பெண்களின் தாழ்ந்த குரல். ஒரு வாரம் போயிற்று. வேதமாணிக்கம் ஒத்திகை பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டவர்களிடம் ஹார்மோனியத்தின் துருத்தி கிழிந்துவிட்டது என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், காதெல்லாம் சிவந்துபோயிற்று.

ஞானப்பூ விடுவாளா?

"என்னங்க, ஊர்ல எல்லாருக்கும் வச்சீங்க. எனக்கு மட்டும் ஏன் ஒத்திகை வைக்கல?"

"இப்ப என்ன அவசரம்?"

"எனக்குத்தான் அவசரம். அன்னிக்கு நான் பாட முடியாதுல்ல? இங்க வச்சாத்தான் என் அடக்கப் பாட்ட நானும் ஒரு தடவை பாடலாம்."

அவருக்குக் கோபம் வந்தது. ஒத்திகை வைத்தால், போய் வா என்று தானே அவளை அனுப்பிவைப்பது போல ஆகிவிடும். அதைச் சொல்லியும் விட்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், கஞ்சியைத் தொடவில்லை. மறுநாள் சாயங்காலம் குழு அவர் வீட்டுக் கூடத்தில் நின்றது.

சாவை நேருக்கு நேர் பார்த்துப் பயப்படாமல் பேசும் பழைய ஜெர்மன் ராகம் அது. தலையணைகளில் சாய்ந்தபடி ஞானப்பூ பாடினாள். குரல் மெலிந்திருந்தது, ஆனால் இடம் தவறவில்லை. இரண்டாம் சரணத்தில் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பாஸ் சுருதி இறங்குது."

குழுவில் ஆண்களின் அடிக்குரலான பாஸ் பாடுகிறவர் வேதமாணிக்கம் ஒருவர்தான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவளும் சிரித்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து எடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஞானப்பூ கர்த்தருக்குள் நித்திரையானாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஆல்டோ நிற்கும் இடம் காலியாக இருந்தது. நாலு குரல் பாட்டின் முதல் சரணம் மூன்று குரலில் நொண்டியது. இரண்டாவதில் வேதமாணிக்கம் தன் பாஸை விட்டுவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே ஆல்டோவை எடுத்தார். அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று கேட்டது. தனியாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் வரியில் சுருதி இறங்கியது. அவருக்கே தெரிந்தது. ஏற்றப் பார்த்தார், ஏறவில்லை. குழியைப் பார்த்தார். யாரும் கையை உயர்த்தவில்லை.

அவர் இறங்கியபடியே பாடினார். மற்ற குரல்களும் அவரோடு இறங்கி வந்தன.